வந்தவளுக்குப் போட்ட ஆப்சென்ட்

தார் ரோடு அங்கே முடிந்துவிட்டது.

ஸ்கூட்டரை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மாஸ்க் போட்டால் என் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஆவி இல்லாமலும் அதேதான் தெரிந்தது. ரோட்டுக்குக் குறுக்கே மண்ணைக் குவித்து, முள்ளை வெட்டிப் போட்டு, ஒரு தகரப் பலகை நட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ரோடு இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே, ரொம்பக் கீழே, மஞ்சளும் சாம்பலுமாகப் படிப்படியாய் வெட்டிய மண். அதில் ஒரு லாரி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். சுரங்கத்தைப் பார்த்து வாய் பிளக்கிற ஆள் இல்லை. ஆனால் இந்த ரோட்டில் நான் முன்பு போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, நடுவில் நேர்க்கோடாக ஒரு ரோடு. அது இருக்கிறது என்று நம்பித்தான் வண்டியை எடுத்தேன்.

கைப்பையில் ஒரு மாணவியின் ரேங்க் கார்டு இருந்தது. அவள் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். பதினோரு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவேன் என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். மணி பத்தே கால்.

ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்பிடியா வந்தீங்க? இந்த ரோடு போயி ரொம்ப நாளாச்சுங்களே. வந்த வழியே போயி, மண்மேட்டச் சுத்திகினு போவணும்.”

“எப்போ போச்சு?”

“அது தீவாளிக்கு முன்னயே போச்சுங்க.”

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

கேட் மூடினால் மூடினதுதான்

நேரம் என்றால் எனக்கு ஏன் இப்படி ஒரு வெறி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் காலை, மாலை என்ற பேச்சே கிடையாது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட், அவ்வளவுதான். “அப்பா ரெண்டாம் ஷிப்ட் கிளம்பினதும் துணி ஊற வை” என்பாள் அம்மா. நான் பிறந்த நேரத்தைக்கூட “ஷிப்ட் பஸ் போய்க் கொஞ்ச நேரத்துல” என்றுதான் ஜோசியரிடம் சொன்னார்களாம். அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ ஒரு நேரத்தைப் போட்டுக்கொண்டாராம்.

அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேட்டில் லேட். அரை நாள் போய்விட்டது. அதை ரிட்டயர் ஆகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். “கேட் மூடிட்டா மூடினதுதான். கேட்டை மூடினவன் கெட்டவன் இல்ல, நான்தான் லேட்டு.” இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். நேரத்துக்கு வருகிறவன் ஒழுங்கானவன், வராதவன் சோம்பேறி. எனக்கு உலகம் இந்த இரண்டாகத்தான் பிரிந்திருந்தது.

டீச்சரான பிறகு அப்பாவின் கேட்டை அப்படியே என் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். பிரேயர் முடிந்து வகுப்புக்கு வந்து, பெயர் கூப்பிட்டு, ரிஜிஸ்டரை மூடினால் மூடினதுதான். வந்தவர்களுக்கு ஒரு சாய்ந்த கோடு. மதியம் இன்னொரு கோடு போட்டால் அது பெருக்கல் குறியாகிவிடும். மூடிய பிறகு வந்தால் உள்ளே உட்காரலாம், பாடம் கேட்கலாம், டெஸ்ட் எழுதலாம். ஆனால் காலைக்குச் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டது போட்டதுதான். கேட்டில் அரை நாள் போகிற மாதிரி.

இப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானாகச் செய்துகொண்டது. டவுன்ஷிப் பெற்றோர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் அது பழகிய சட்டம்தானே. “சுமதி மிஸ் கிளாஸா? அப்ப லேட்டாப் போகாதே” என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பரீட்சை இல்லாத வருஷம்

பிறகு கொரோனா வந்தது. பள்ளியை மூடினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கும் என்றார்கள், தள்ளிப்போகும் என்றார்கள், மறுபடி நடக்கும் என்றார்கள். ஹால் டிக்கெட்டுகூட வந்துவிட்டது. அப்புறம் பரீட்சையே கிடையாது, எல்லோரும் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள்.

வெளியில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து, “உங்களுக்கென்ன, லீவு, ஜாலி” என்றார்கள். ஜாலியைச் சொல்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் போன் முன்னால் நின்று யாருமில்லாத சுவரைப் பார்த்து அமிலமும் காரமும் நடத்துவேன். “புரியுதா?” என்று கேட்டால் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கும். வாட்ஸ்அப்பில் நோட்டுப் படங்கள் வந்து குவியும், பாதி தலைகீழாக. போனே இல்லாத பிள்ளைகளை நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவே இரண்டு டீச்சர்களை, “நிலைமை சரியான பிறகு சொல்கிறோம்” என்று பள்ளி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்தது யார் என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியை மேடம் கூப்பிட்டு அனுப்பினால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

பரீட்சை இல்லையென்றால் மார்க் எப்படிப் போடுவது? காலாண்டு, அரையாண்டு மார்க்கோடு வருகைப் பதிவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆர்டரைப் படித்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒழுங்காக வந்தவனுக்கு ஒரு மதிப்பு இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஒரு போன் வந்தது. ஒரு பெரிய அதிகாரி. அவர் பையன் என் வகுப்பு. பாதி நாள் பள்ளிக்கு வராமல் வெளியூரில் ஏதோ கோச்சிங் போய்க்கொண்டிருந்தவன்.

“மிஸ், அட்டெண்டன்ஸ் கொஞ்சம் பார்த்துப் போடுங்க. பையனோட ஃப்யூச்சர்.”

“சார், என் ரிஜிஸ்டர்ல இருக்கறது இருக்கறபடிதான் போகும். ஒரு புள்ளி மாறாது.”

“நிர்வாகத்துல எனக்கும் ஆள் தெரியும் மிஸ்.”

“தெரிஞ்சவங்ககிட்டயே பேசுங்க சார்.”

போனை வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுநாள் மேடம் ஸ்டாஃப் மீட்டிங்கில், “ரிஜிஸ்டர்னா சுமதி ரிஜிஸ்டர் மாதிரி இருக்கணும். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது” என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். என் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

மண்மேட்டைச் சுற்றி

இப்போது மறுபடி ஸ்கூட்டருக்கு வருகிறேன்.

சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கியிருக்கும் இடத்தைத்தான் அங்கே மண்மேடு என்கிறார்கள். அதைச் சுற்றிப் போகும் பாதை முழுக்கச் சரளைக் கல். லாரி போனால் முன்னால் ஒன்றும் தெரியாது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். புடவை, மாஸ்க், ஹெல்மெட், எல்லாம் ஒரே நிறம். ஊருக்குள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது.

ரேங்க் கார்டுக்கு உரிய மாணவியின் பெயர் வினோதினி. என் பத்தாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்ச். அதிகம் பேசமாட்டாள். சயின்ஸில் என் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. பதினொன்றில் உயிரியல் குரூப் எடுத்து நர்ஸிங் போக வேண்டும் என்று ஒரு தடவை கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆனால் தீபாவளிக்குப் பிறகு அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. லேட். பத்து நிமிஷம், கால் மணி நேரம். கதவருகே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். “உள்ள வந்து உட்காரு” என்பேன், தலையைக்கூட நிமிர்த்தாமல். ரிஜிஸ்டரில் ஏற்கெனவே சிவப்பு மை ஏறியிருக்கும்.

ஒரு தடவை அவள், “ரோடு மாறிடுச்சு மிஸ்” என்றாள். “மாறினா அரை மணி முன்னாடி கிளம்பு” என்றேன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவள் காரணம் சொன்னதே இல்லை.

வினோதினியின் அம்மா வாசலில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பண்ருட்டி வியாபாரி மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போவாராம். கொரோனாவால் முந்திரிக் கம்பெனி மூடியிருந்ததால் வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. கொட்டையின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க டீச்சர். ஏன் நின்னுகினே இருக்கீங்க, உள்ள வாங்க. வினோ, தண்ணி கொண்டா. இன்னாங்க, பத்து மணிக்கு வரேன்னு போன்ல சொன்னீங்களாமே?”

“வழி தெரியாம… ரோடு…”

“அத்த ஏன் கேக்கறீங்க. வூட்டுல ஒரு சைக்கிள்தாங்க. இவங்கப்பாரு காண்ட்ராக்ட்டுல எப்பவும் நைட் ஷிப்ட். மாத்து ஆளு வந்தாத்தான் வுடுவாங்க. அவுரு சுத்திகினு வூடு வந்து சேர்ந்து, அந்த சைக்கிள எடுத்துகினு இது மறுபடி சுத்திகினு ஓடும். மின்ன நேர் ரோட்டுல அரை மணியில பூடும். இப்ப அவுருக்கு ஒரு சுத்து, இதுக்கு ஒரு சுத்து.”

அரை மணி முன்னால் கிளம்பு என்று சொன்ன வாயை நான் மூடிக்கொண்டேன். சைக்கிள் வராமல் அவள் எதில் கிளம்புவாள்? ஷிப்ட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. என் ஷிப்ட்டுக்கு பஸ் உண்டு, அதனால் தோன்றவில்லை.

என்னுடைய சிவப்பு மை

ரேங்க் கார்டை எடுத்து நீட்டினேன். வினோதினி வாங்கிப் படித்தாள். காலாண்டு, அரையாண்டு, எல்லாம் சரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் வருகைப் பதிவுக் கட்டத்தில் நின்றுவிட்டாள்.

“மிஸ், இது தப்பா இருக்கு.”

“எது?”

“நான் இவ்ளோ நாள் லீவு போடலையே மிஸ்.”

“காலைல லேட்டா வந்தா அரை நாள் போகும்னு உனக்குத் தெரியாதா?”

“திட்டுவீங்க, அவ்ளோதான்னு நெனச்சேன் மிஸ். ஆப்சென்ட்னு தெரியாது.”

அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். அது என் டெஸ்ட் நோட்டு. முதல் பீரியட் முடிகிற கடைசிக் கால் மணியில் தினமும் ஐந்து கேள்வி கேட்பேன். இடைவேளைக்குள் திருத்தி, மார்க் போட்டு, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை உண்டு, ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று.

அவள் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் என் கையெழுத்து, என் சிவப்பு மை, அந்தந்த நாளின் தேதி. நான் அவளை வராதவள் என்று எழுதிய அதே நாட்களில் அவள் எழுதிய பதிலைத் திருத்தி ‘குட்’ போட்டிருக்கிறேன்.

“நான் வந்தேன் மிஸ்” என்றாள்.

அம்மாவுக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை. “இன்னாங்க டீச்சர், மார்க்கு கொறையுதா? நர்ஸு படிப்பு கெடைக்காதா?” என்று என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பள்ளியில் உயிரியல் குரூப்புக்கு ஒரு கட்டாஃப் உண்டு. இந்தக் கட்டத்தால் வினோதினி அதற்குக் கீழே இருந்தாள். கொஞ்சம்தான் கீழே. ஆனால் கீழே.

கையெழுத்து வாங்காமல் கிளம்பினேன். நோட்டைக் கேட்டேன். அவள் கொடுக்கத் தயங்கினாள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து எனக்கு முகம் எரிந்தது. அப்புறம் அம்மாதான் வாங்கிக் கொடுத்தார்.

“உன்கிட்ட சொன்னேனே”

பள்ளிக்குத் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. போட்ட டீயைக் குடிக்கவில்லை. சம்பந்தமே இல்லாமல் சமையலறை ஷெல்ஃபை ஒழித்துத் துடைத்தேன். என் வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். சுரங்கத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர்.

“என்னங்க, அந்த முந்திரித் தோப்பு ரோடு எப்போ போச்சு?”

“எது? அதுவா? தீபாவளிக்கு முன்னாடியே போச்சே. உன்கிட்ட சொன்னேனே, அந்தப் பக்கம் வெட்டறோம்னு.”

“எப்ப சொன்னீங்க?”

“நீ ரிஜிஸ்டர் டோட்டல் போட்டுட்டு இருந்தே. ம்ம்னு சொன்னே.”

சொல்லியிருப்பார். நானும் ‘ம்ம்’ சொல்லியிருப்பேன். ஷெல்ஃபைத் துடைத்துக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “இப்ப போய்ச் சொன்னா உன்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க” என்றார். பயமுறுத்தச் சொல்லவில்லை. அது உண்மை.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை வேறு குரூப்பில் சேரும். நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நினைத்தபோதுதான் அவள் ஏன் கொடுக்கத் தயங்கினாள் என்று புரிந்தது.

கடிதம்

மறுநாள் மேடத்தின் மேஜையில் நோட்டையும் ஒரு கடிதத்தையும் வைத்தேன். ‘வகுப்பறைக்கு வந்திருந்த மாணவியை வரவில்லை எனப் பதிவு செய்தது முழுக்க என் தவறு’ என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார்.

“சுமதி, உங்க ரிஜிஸ்டரைத்தானே எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன்?”

“ஆமாம் மேடம்.”

“இப்போ இதுல கை வச்சா எல்லா ரிஜிஸ்டரையும் சந்தேகப்படுவாங்க. அந்த ஆபீசர் வந்து நிப்பார். என் பையனுக்கும் மாத்துங்கன்னு கேட்பார்.”

“அவர் பையன் நோட்டுல அந்தந்த நாள் என் கையெழுத்து இருந்தா கொண்டுவரச் சொல்லுங்க மேடம். அவனுக்கும் இதே லெட்டர் எழுதித் தர்றேன்.”

மேடம் சிரிக்கவில்லை. “மெமோ வரும், தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்றேன். கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

மெமோ வந்தது. வேலை போகவில்லை, போகப்போகிறது என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன். மார்க் விஷயத்தில் மேலே, கல்வித் துறைக்கு எழுதிக் கேட்டார்கள். விவரங்கள் ஏற்கெனவே போய்விட்டன, இனி திருத்த வழியில்லை என்று பதில் வந்தது. மார்க் ஷீட் என் பழைய ரிஜிஸ்டர்படியே அச்சாகி வந்தது. வினோதினி எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டும். என் கடிதத்தை யாரும் அதோடு சேர்த்துத் தைக்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று நடந்தது. பதினொன்றாம் வகுப்பில் யாருக்கு எந்த குரூப் என்பது தலைமை ஆசிரியை கையில். மேடம் என் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதி, வினோதினிக்கு உயிரியல் குரூப் கொடுத்துவிட்டார். ஆள் குறைந்துவிட்டதால் அந்த வகுப்புக்கும் என்னையே போட்டார். தண்டனையாகப் போட்டாரா, வேறு வழியில்லாமல் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

பள்ளி திறந்த அன்று

ரொம்ப மாதம் கழித்துப் பள்ளி திறந்தது. ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். சானிடைசர் வாசனை. எல்லோர் முகத்திலும் பாதி துணி. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன்.

வினோதினி பெயர் வந்தது. பதில் இல்லை. பேனாவை எடுக்காமல் அடுத்த பெயருக்குப் போனேன். கூப்பிட்டு முடித்தேன். ரிஜிஸ்டரை மூடவில்லை. திறந்து வைத்துக்கொண்டே பாடம் ஆரம்பித்தேன். வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

பத்து நிமிஷம் கழித்து அவள் வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, பாவாடை ஓரத்தில் மண்மேட்டுத் தூசி.

“உள்ள வாம்மா” என்றேன். அந்த ‘அம்மா’ எனக்கே புதிதாக இருந்தது.

அவள் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்திருந்த ரிஜிஸ்டரில் தன் பெயரைத் தேடி, அதற்கு நேராக இருந்த கட்டத்தைப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது.

“போடுங்க மிஸ்” என்றாள். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் கோடு போட்டேன். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் என் மேஜையருகே வந்து, நான் கோடு போட்டதைப் பார்க்காமல் ஒரு நாளும் உட்காரவில்லை.